பெரிய வண்டு மாட்டியது, சின்ன வண்டு தப்பியது

மரப்பட்டையில் உள்ள ஓட்டையைப் பார்த்தே உள்ளே இருந்தது யார் என்று சொல்லிவிடலாம். பென்சில் நுழையும் அளவுக்கு வட்டமாக இருந்தால் ஆசிய நீளக்கொம்பு வண்டு. மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலத்தில், ஒரு பக்கம் மட்டும் தட்டையாக இருந்தால் மரகத ஆஷ் துளைப்பான். இரண்டுக்கும் சொந்த ஊர் கிழக்காசியா. சரக்குப் பெட்டிகளின் மரச்சட்டங்களுக்குள் புகுந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தவை என்று கருதப்படுகிறது.

பார்க்கப் பயமுறுத்துவது நீளக்கொம்பு வண்டுதான். கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகள், உடலைவிட நீண்ட கொம்புகள். மேப்பிள், எல்ம், வில்லோ, பிர்ச் என்று பல மரங்களைத் தாக்கும். 1996இல் நியூயார்க்கின் புரூக்ளினில் அகப்பட்டது. ஆனால் சோம்பேறி, பெரும்பாலும் தான் பிறந்த மரத்திலேயே முட்டையிடும். அதனால் தாக்கப்பட்ட மரங்களை வெட்டித் தூளாக்கியே சிகாகோவில் அதை ஒழித்துவிட்டார்கள். மாசசூசெட்ஸின் வூஸ்டர் பகுதியில் 30,000 மரங்களுக்கு மேல் வெட்டியும் வேலை லேசில் முடியவில்லை.

துளைப்பான் தின்பது ஏறக்குறைய ஆஷ் மரத்தை மட்டும்தான். நம் பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் வளர்க்கும் பொன்வண்டின் குடும்பம் அது. ஆஷ் மரமோ மல்லிகையின் குடும்பம். துளைப்பான் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம், பச்சை மினுமினுப்பு. அழகுக்குக் குறைவில்லை.

கெடுதல் செய்வது புழு. பட்டையை உரித்தால் அடியில் பாம்பு ஊர்ந்ததுபோல் வளைந்து வளைந்து போகும் தடங்கள், நெடுக மரத்தூள். இலை சமைத்த உணவு வேருக்கு இறங்கும் பாதையை அந்தத் தடங்கள் அறுத்துவிடுகின்றன. சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகிறது. தாக்குதல் பெரும்பாலும் உச்சிக் கிளைகளில் தொடங்குவதால், நம் கண்மட்டத்தில் ஓட்டை தெரியும்போது காலம் கடந்திருக்கும். டெட்ராய்ட் அருகே 2002இல்தான் கண்டுபிடித்தார்கள். பட்ட மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தபோது, 1990களிலேயே அது வந்துவிட்டது தெரிந்தது. அதற்குள் விறகோடும் நாற்றோடும் ஊர் ஊராகப் போயிருந்தது.

சீனாவின் மஞ்சூரிய ஆஷ் இந்தப் பூச்சியோடு காலங்காலமாக வாழ்ந்து, அதைத் தாங்கும் திறன் பெற்றது. அமெரிக்க ஆஷுக்கு அந்த வாய்ப்பே இருந்ததில்லை, கோடிக்கணக்கில் செத்தன. பேஸ்பால் மட்டை செய்யும் வெள்ளை ஆஷும் அதில் அடக்கம்.

பூச்சி பரவிய பகுதிகளிலிருந்து ஆஷ் விறகையும் கட்டையையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அமெரிக்க மத்திய அரசு போட்டிருந்த தடையை, பரவல் நிற்காததால், 2021 ஜனவரியில் அதுவே விலக்கிக்கொண்டது. இப்போது நம்பிக்கை ஒட்டுண்ணிக் குளவிகள்மேல். 2007 முதல் சீனாவிலிருந்து தருவித்து விடப்பட்டவற்றில் ஒன்று, பட்டை இடுக்கில் துளைப்பான் இட்ட முட்டையைத் தேடி, அதற்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடுகிறது.