வாசலுக்கு வரும் தேன்சிட்டு – 9: பூவைத் தேடாத பூச்சி

தேன்சிட்டுக்கு அடுக்குச் செம்பருத்தி வேண்டாம், ஐந்து இதழ் ஒற்றைச் செம்பருத்தி போதும் என்று போன வாரம் சொன்னதை மறுபடி விளக்கப் போவதில்லை. தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். ஹம்மிங்பேர்டு வர என்ன செடி வைக்கலாம் என்று கேட்டவர்களுக்கு மட்டும் ஒரு பதில். அந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே எங்குமே கிடையாது. பூவில் தேன் குடித்து மகரந்தம் சுமக்கும் அந்த வேலையைப் பட்டு நெசவூரான நம் ஆரணியில் பார்ப்பது தேன்சிட்டு.

இந்த வாரம் அந்திப் பூக்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அந்திப் பூக்களைத் தேடி வருபவை பெரும்பாலும் அந்துப்பூச்சிகள். பட்டுப்பூச்சியும் ஓர் அந்துப்பூச்சிதானே, ஊரே அதை நம்பிப் பிழைக்கிறதே, அது எந்தப் பூவுக்குப் போகும் என்று பார்க்க உட்கார்ந்தேன். வாரம் முழுக்க அதிலேயே போய்விட்டது.

அது எந்தப் பூவுக்கும் போகாது. கூட்டை உடைத்து வெளியே வரும் பட்டு அந்துக்கு உண்ணத்தக்க வாயே கிடையாது. தேன் உறிஞ்சும் குழல் இல்லை. பல ஆயிரம் ஆண்டு மனிதன் கையில் வளர்ந்ததில் பறக்கும் திறனும் போய்விட்டது. ஆண் சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு பெண்ணைத் தேடி நகரும், இணை சேரும். பெண் சில நூறு முட்டை இடும். சில நாளில் இரண்டும் இறந்துவிடும். புழுப்பருவத்தில் தின்ற முசுக்கொட்டை இலைதான் ஆயுள் முழுமைக்குமான சாப்பாடு. அந்தச் சில நாள் வாழ்க்கைகூடப் பெரும்பாலான பூச்சிகளுக்குக் கிடைப்பதில்லை. அந்து வெளியே வந்தால் இழை அறுந்துபோகும் என்பதால் அதற்கு முன்பே கூடுகள் சூட்டில் வைக்கப்படுகின்றன. வீட்டில் வளர்க்கும் இந்தப் பூச்சிக்கு மட்டும்தான் இப்படி உண்ண வாயில்லாத நிலை என்று நினைத்தேன். ஆனால் மத்திய, கிழக்கு இந்தியக் காடுகளின் டசர், அசாமின் முகா, எரி ஆகிய பட்டுகளைத் தரும் அந்துகளும் வளர்ந்தபின் எதையும் உண்பதில்லை.

சரி, பூச்சிதான் பூவிடம் போவதில்லை, முசுக்கொட்டையின் பூவுக்காவது தேனீ வருமா என்று அடுத்துத் தேடினேன். அங்கே கிடைத்ததுதான் இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத செய்தி. முசுக்கொட்டைப் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோக எந்தப் பூச்சியும் வேண்டாம், காற்று போதும். இதழ் கிடையாது, தேன் கிடையாது, கண்ணைப் பறிக்கும் நிறம் கிடையாது. ஆண் பூவின் மகரந்தக் காம்புகள் உள்பக்கமாக மடங்கி, விறைப்பாகப் பிடித்து வைத்தபடி இருக்கும். வெயில் ஏறி, பூ உலர்ந்ததும் பிடி விட்டு அவை தெறித்து விரியும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-இல் வெள்ளை முசுக்கொட்டையின் பூவை அதிவேகக் கேமராவில் பிடித்தார்கள். ஒரு நொடியை நாற்பதாயிரம் பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்கு நேரத்தில் மகரந்தம் வெளியே வீசப்படுகிறது. வேகம், ஒலியின் வேகத்தில் பாதிக்கும் மேல். தாவர உலகில் அதுவரை அளக்கப்பட்ட அசைவுகளில் அதுவே மிக வேகமானது. இலைக்காகக் கவாத்து செய்துகொண்டே இருக்கும் பட்டுத் தோட்டத்தில் இந்தப் பூவை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தோட்டம் போடுவதும் விதையிலிருந்து அல்ல, குச்சி நட்டுத்தான்.

ஆக, புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் பிறப்பில் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் தேன்சிட்டுக்கும் ஒரு பங்கும் இல்லை. தறி ஓடும் வீட்டின் அடுக்களையில்தான் அவற்றின் பங்கு இருக்கிறது. புழக்கடையில் படரும் பூசணியும் பீர்க்கும் பூச்சி வராமல் காய்க்காது. கத்திரிப்பூவின் மகரந்தப்பை நுனியில் ஓட்டை உள்ள குழல். அதைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிர வைத்தால் நிறைய மகரந்தம் கொட்டும். அந்த அதிர்வு, பழைய உத்தரத்தைத் துளைக்கிறது என்று நாம் விரட்டுகிற கருவண்டுக்குத் தெரியும். தேனீக்குத் தெரியாது.

ஆனால் தேன்சிட்டுக்கும் பட்டுக்கும் வேறொரு உறவு உண்டு. அந்தப் பட்டு சிலந்தியுடையது.

ஆரணி கொசப்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுப் பின்கட்டு. துணி காயப்போடும் கம்பியின் ஓரத்தில் ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் கூடு ஒன்று தொங்குகிறது. கட்டியது பெண் சிட்டு. கூடு கட்டும் வேலை ஏறக்குறைய முழுவதும் அதனுடையதுதான். சுவர் மூலையிலும் ஜன்னல் இடுக்கிலும் இருந்த ஒட்டடையை அலகால் சுருட்டி எடுத்து வந்து முதலில் கம்பியைச் சுற்றுகிறது. சுற்றிய இடத்திலிருந்து இழைகளைத் தொங்கவிட்டு, நாரும் காய்ந்த புல்லும் அவற்றில் ஒட்டவைக்கிறது. பாவும் ஊடையும் இதில் கிடையாது. ஒட்டுவதும் இழுப்பதும் அழுத்துவதும்தான் வேலை. தொங்கல் போதிய அளவு திரண்டதும் பக்கவாட்டில் முட்டி நுழைந்து, உள்ளே உட்கார்ந்து நெஞ்சால் தள்ளித் தள்ளி அறையாக்குகிறது. வாசலுக்கு மேல் மழைக்கு ஒரு சிறு தாழ்வாரம். உள்ளே மெத்தைக்குப் பஞ்சு. வெளியே மரப்பட்டைத் துணுக்கு, சருகு, கம்பளிப்புழுவின் எச்சம் எல்லாவற்றையும் ஒட்டவைத்து, தூரத்திலிருந்து பார்த்தால் காற்றில் சிக்கிய குப்பை என்று கடந்துபோகும்படி செய்துவிடுகிறது. கிட்டப்போய்ப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் கிளிப்பச்சையில் இரண்டு பட்டு இழை, தறிக்கடியில் விழுந்த கழிவு நூல்.

அந்த வீட்டு அம்மா கம்பியின் அந்தப் பாதியில் துணி போடுவதை நிறுத்திவிட்டார். “குஞ்சு பறக்கட்டுங்க, அப்புறம் போட்டுக்கலாம். கம்பி எங்க போவுது?” என்றார்.

கழிவு நூலைக் கண்டதும் நாமே நூல்களைத் தொங்கவிட்டு உதவலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். நீள நூல் குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும். சிலந்தி இழைக்கு ஈடான நூல் நம்மிடம் இல்லை. அது ஒட்டும், இழுத்தால் நீளும், குஞ்சுகள் பருக்கப் பருக்கக் கூடு கிழியாமல் இடம்கொடுக்கும். தறி இருக்கும் அறையில் ஒட்டடை அடித்துத்தான் ஆக வேண்டும். தறியில் இருப்பது விலை உயர்ந்த புடவை. பின்கட்டிலும் செடிகளுக்கு நடுவிலும் சிலந்தியை விட்டுவைக்கலாமே. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தேன் குடித்துக் குஞ்சு வளராது. சிலந்தியும் சிறு பூச்சியும் புழுவும்தான் குஞ்சுக்கு ஊட்டப்படும் இரை. நாள் முழுக்கப் பூவில் தொங்கும் தாய்ப்பறவை, குஞ்சு பொரித்ததும் இலைக்கடியில் தேட ஆரம்பித்துவிடும். பூச்செடிகளை வரிசையாக வைத்துவிட்டு மருந்து அடிக்கிற தோட்டத்தில் சிட்டு தேன் குடித்துவிட்டுப் போகும், குடும்பம் நடத்தாது.

நம் பக்கத்தில் பார்க்கக்கூடிய இன்னொரு தேன்சிட்டு, நீண்டு வளைந்த அலகுடைய லோட்டன் தேன்சிட்டு. அந்தப் பெயருக்குரிய ஜோன் கிடியோன் லோட்டன் இலங்கையின் டச்சு ஆளுநராக இருந்தவர். 1752-இல் கொழும்பில் பதவியேற்று 1757 வரை இருந்தார். பீட்டர் டி பெவெரே என்ற ஓவியரைக் கொண்டு இலங்கையின் பறவைகளை வரைவித்தார். 1766-இல் லின்னேயஸ் இந்தச் சிட்டின் அறிவியல் பெயரில் அவரைச் சேர்த்தார். ஆட்சிப் பொறுப்புக்கு நடுவே சிட்டுக்கு நேரம் ஒதுக்கிய மனிதர் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

இனி, சிட்டு வர வைக்க வேண்டிய செடிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாலிம் அலி 1932-லேயே, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில், இந்தியாவில் பூவை நாடும் பறவைகளையும் பறவையை நாடும் பூக்களையும் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். கல்யாண முருங்கையும் இலவும் பறவைப் பூக்களில் முதல் வரிசை. அவ்வளவு இடமில்லாத வீட்டுக்கு வாழை ஒன்று, முருங்கை ஒன்று. சமையலுக்கும் ஆகும், சிட்டுக்கும் ஆகும். தொட்டிக்கு இட்லிப்பூ, ஒற்றைச் செம்பருத்தி. நர்சரியில் ஹமேலியா என்று கேட்டால் ஆரஞ்சு நிறக் குழல் பூ பூக்கும் செடி தருவார்கள். அது அமெரிக்கச் செடி, ஹம்மிங்பேர்டுக்காகவே உருவான பூ. நம் சிட்டும் தயங்காமல் குடிக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஹம்மிங்பேர்டு அந்தரத்தில் நின்று குடிக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் உட்கார்ந்து குடிக்கும். ஆகவே பூவுக்குப் பக்கத்தில் கால் பிடிக்க உறுதியான காம்போ கிளையோ இருக்க வேண்டும். மெல்லிய தண்டுச் செடி என்றால் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி ஊன்றினால் போதும்.

மாமரத்தில் புல்லுருவி இருந்தால் அதன் பூவையும் கவனியுங்கள். நீலகிரியில் புல்லுருவிக்கும் பறவைக்கும் உள்ள உறவை ப்ரியா தாவீதார் 1980-களில் ஆராய்ந்தார். அதன் தேனுக்கும் மகரந்தத்துக்கும் பெரும்பாலும் தேன்சிட்டு, விதையைப் பரப்பப் பூங்கொத்தி என்ற சிறு பறவை. அந்தக் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அந்திப் பூக்கள் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகின்றன. அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். தெரிந்தவர் வீட்டில் அந்திமந்தாரை இருந்தால் அந்தக் கறுப்பு விதை நாலைந்து கேட்டு வாங்கி, வெயில் படும் இடத்தில் விரற்கடை ஆழத்தில் ஊன்றித் தண்ணீர் விடுங்கள். பின்கட்டு ஒட்டடையை மட்டும் இந்த வாரம் அடிக்காதீர்கள்.