பாலியெஸ்டரில் எந்த நூல்?

ஜவுளிக் கடைக்காரர் “பாலியெஸ்டர் துணி” என்று சொன்னதும் விஷயம் முடிந்ததென்று பலர் நினைக்கிறார்கள். கேள்வியே அப்புறம்தான் ஆரம்பம். எந்த நூலில் நெய்தது?

1941ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்ஸன் என்ற இரு ரசாயன நிபுணர்கள் கண்டுபிடித்த இழை இது. டெரிலீன் என்ற பெயரில் உலகத்தைச் சுற்றியது. சரக்கு ஒன்றுதான். நூலாக்கும் விதத்தில் குணம் மாறுகிறது.

உருகிய பாலியெஸ்டரை நுண்ணிய துளைகளின் வழியே பிழிந்து இழுத்தால் அறுபடாத நீள இழை வரும். வழவழப்பும் பளபளப்பும் சேலைக்கு அழகு, வேர்வையை உறிஞ்சாது. அதையே சூடாக்கி முறுக்கிச் சுருள வைத்தால் உப்பலான நூல். தொட மெத்தென்றிருக்கும், சற்று நீளும். ஆணியில் மாட்டினால் இழை வெளியே வந்துவிடும்.

இன்னொரு வழி, இழையைப் பஞ்சு நீளத்துக்கு நறுக்கிப் பருத்தி போல் நூற்பது. பிள்ளைகளின் சீருடைக்கு இதைத்தான் பருத்தியோடு கலக்கிறார்கள். 67 பங்கு பாலியெஸ்டர், 33 பங்கு பருத்தி என்பது பழகிப்போன கணக்கு. இஸ்திரி மடிப்பு கலையாது, சீக்கிரம் உலரும். ஆனால் நாளடைவில் காலர் ஓரத்தில் மணி மணியாகப் பிசிறு உருளும். பருத்தியில் அது உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் பலசாலி, பிடித்த பிடியை விடாது! நூலில் முறுக்குக் குறைந்தால் தொல்லை இன்னும் அதிகம். வாங்கும்போதே துணியை விரலால் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள்.

அடுப்படிக்கு இந்த ரகம் எதுவுமே வேண்டாம். பருத்தியும் எரியும்தான். பாலியெஸ்டரோ சுமார் 260 டிகிரியில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.