கூரையில் ஒரு கொள்முதல்
சூரிய மின்சாரமும் சிறு வணிகரின் கணக்கும்

கடை வாடகைக்கும் ஆள் சம்பளத்துக்கும் அடுத்தபடியாக நமது கல்லாப்பெட்டியைக் காலி செய்வது எது என்று எந்த மளிகை வணிகரைக் கேட்டாலும், மின் கட்டணம் என்றுதான் சொல்வார். இரண்டு குழல்விளக்கும் ஒரு மின்விசிறியும் இருந்தால் கடை நடந்த காலம் போய்விட்டது. இன்று பாலும் தயிரும் ஐஸ்கிரீமும் அரைத்த மாவும் விற்காத மளிகைக் கடை அரிது. அதற்கு ஒரு பிரிட்ஜ், ஒரு பிரீசர். அத்துடன் மின்தராசு, பில் போடும் கம்ப்யூட்டர், கண்காணிப்பு கேமரா. இவை எல்லாம் மீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கின்றன.

அரக்கோணத்து வணிகர்களுக்கு இதில் கூடுதல் சுமை ஒன்று உண்டு. கோடையில் மாநிலத்திலேயே அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் வேலூரும், நமக்குப் பக்கத்தில் உள்ள திருத்தணியும் அடிக்கடி இடம் பிடிக்கின்றன. வெளியே அனல் கூடக்கூட பிரீசரின் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடுகிறது. வாடிக்கையாளர் குளிர்பானம் கேட்கும் மே மாதத்தில்தான் பில்லும் ஏறுகிறது. 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு, வணிக இணைப்பில் இரண்டு மாதச் செலவு 100 யூனிட்டைத் தாண்டினால் யூனிட் ஒன்றுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் கொடுத்து வருகிறோம்.

நமக்குச் செலவு வைக்கும் அதே வெயிலை வரவாக மாற்ற முடியுமா? முடியும். ஆனால் சரக்குக் கொள்முதலில் காட்டும் அதே கவனத்தை இதிலும் காட்டினால்தான் முடியும்.

முன்னே போனவர்கள்

மின்சாரத்தைத் தாமே உற்பத்தி செய்துகொள்வது தமிழக வணிகருக்கும் தொழில் செய்பவருக்கும் புதிதல்ல. 1986ல் தூத்துக்குடிப் பகுதியில் அரசின் முன்னோடித் திட்டமாகக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் கோவை, திருப்பூர்ப் பகுதி நூற்பாலைக்காரர்கள் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பல்லடம், உடுமலைப் பகுதிகளில் சொந்தமாகக் காற்றாலைகளை நிறுத்தினார்கள். காற்றாலை ஓரிடத்தில் சுழலும், மின்சாரம் வாரியத்தின் கம்பியில் சேரும், வேறோர் ஊரில் உள்ள ஆலையின் பில்லில் அந்த யூனிட்டுகள் கழியும். தேய்மானத்துக்குக் கிடைத்த வருமான வரிச் சலுகையையும் அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். இன்று தமிழகத்தின் காற்றாலைத் திறன் 11 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டி நிற்பதற்கு அந்தக் கணக்குப் பார்த்த முதலீடுகளும் ஒரு காரணம்.

நூற்பாலைக்குக் காற்று உதவியது போல, சிறு கடைக்குச் சூரியன் உதவக்கூடும். சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போய்வரும் நம்மில் பலர் சென்ட்ரல் நிலையத்தில் இறங்குகிறோம். அந்த நிலையத்தின் கூரைகளில் சுமார் 1.5 மெகாவாட் அளவுக்குச் சோலார் தகடுகள் பொருத்தப்பட்டு, அதன் பகல் நேரத் தேவைக்கு அவற்றின் மின்சாரமே போதும் என்று 2021ல் ரயில்வே அறிவித்தது. பெரிய அளவில் சொல்வதானால், ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016 முதல் இயங்குகிறது. ஆனால் நமக்கு வேண்டியது மெகாவாட் அல்ல, இரண்டு கிலோவாட்டோ மூன்று கிலோவாட்டோதான்.

சில்லறை விலையும் மொத்த விலையும்

ஒரு கிலோவாட் தகடு பொருத்த ஏறத்தாழ 100 சதுர அடி நிழல் படாத இடம் வேண்டும். நம் பகுதி வெயிலில் அது ஆண்டு சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் குறையும். செலவு, தகட்டின் தரத்தையும் தாங்கும் சட்டத்தையும் பொறுத்து, கிலோவாட்டுக்கு 50 ஆயிரம் முதல் 70 ஆயிரம் ரூபாய் வரை ஆகும்.

இனிதான் வணிகர் கவனிக்க வேண்டிய இடம். பகலில் தகடு தரும் மின்சாரத்தைக் கடை அப்போதே பயன்படுத்திக்கொண்டால், பத்து ரூபாய் கொடுத்து வாங்க வேண்டிய யூனிட் நமக்கு மிச்சம். பயன்படுத்தாமல் மிஞ்சுவது மீட்டர் வழியாக வாரியத்தின் கம்பிக்குப் போகிறது. வணிக இணைப்பில் அப்படிப் போகும் யூனிட்டுக்கு வரவு வைக்கும் விலை, நாம் வாங்கும் விலையில் பாதிகூடக் கிடையாது. அதாவது கடையில் செலவாகும் யூனிட்டுக்குச் சில்லறை விலை, வெளியே தள்ளும் யூனிட்டுக்கு அடிமாட்டு விலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடும் ஒரு கடை. அதில் 360 யூனிட் பகலிலும் 240 யூனிட் இரவிலும் செலவாவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோவாட் தகடு இரண்டு மாதத்தில் சுமார் 480 யூனிட் தரும். 360 யூனிட் கடைக்கே பயன்பட்டால் மிச்சம் 3,600 ரூபாய். மீதி 120 யூனிட்டுக்கு, மூன்று ரூபாய் என்று வைத்தாலும் 360 ரூபாய். ஆண்டுக்கு 24 ஆயிரம் ரூபாய் அளவில் வருகிறது. 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் முதலீடு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் திரும்பும்.

இதே கடைக்காரர் ஆசைப்பட்டு ஐந்து கிலோவாட் போட்டால் என்ன ஆகும்? இரண்டு மாதத்தில் 1,200 யூனிட் வரும். அதில் 360 யூனிட்டுக்கு மட்டுமே நல்ல விலை. மீதி 840 யூனிட் மூன்று ரூபாய்ச் சரக்கு. முதலீடு 3 லட்சம். மீள்வதற்கு எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். விற்காத சரக்கைக் கிடங்கு நிறைய அடுக்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது தகட்டுக்கும் பொருந்தும். பகலில் கடைக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவே தகட்டின் அளவு.

ஆகவே முதலில் ஒரு வாரம் காலை கடை திறந்ததும், மாலை ஆறு மணிக்கும் மீட்டரைக் குறித்து வையுங்கள். பகல் செலவு தெரிந்துவிடும். அதன் பிறகு தகடு விற்பவரை அழையுங்கள்.

விற்பவர் சொல்லாமல் விடக்கூடியவை

முதலாவது, மின்வெட்டு. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகம் பட்ட மின்வெட்டுத் துன்பத்தை, அதிலும் 2012ல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாமல் தவித்ததை நாம் மறக்கவில்லை. டீசல் ஜெனரேட்டர் புகையில் நின்று வியாபாரம் செய்தோம். அதனால் சோலார் இருந்தால் மின்வெட்டே தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரி இல்லாமல் வாரியத்தின் கம்பியோடு இணைக்கும் சோலார், மின்வெட்டின்போது தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் மின் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரி தனி, அதன் செலவும் தனி.

இரண்டாவது, மானியம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் வீட்டு இணைப்புகளுக்கானது. ஒரு கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், இரண்டுக்கு 60 ஆயிரம், மூன்றும் அதற்கு மேலும் 78 ஆயிரம் ரூபாய் என்பது கடைக்குப் பொருந்தாது. கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் வீட்டு இணைப்புக்கு அதைப் பெறலாம். அந்த மின்சாரத்தைக் கடைக்கு இழுத்தால் அது முறைகேடான பயன்பாடு, அபராதம் உண்டு. மேலும் வீட்டுக்கு இரண்டு மாதத்தில் 100 யூனிட் இலவசமாகவே கிடைக்கிறது. சிறிய குடும்பம் சோலாருக்கு அவசரப்படத் தேவையில்லை.

மூன்றாவது, வரி. தகடுகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வருமான வரியில் சோலாருக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம் உண்டு. ஆனால் கணக்குப் புத்தகம் வைக்காமல் விற்றுமுதலில் ஒரு விகிதத்தை லாபமாகக் காட்டி வரி கட்டுபவர்கள் அதைத் தனியே கழிக்க முடியாது. தொகுப்பு வரி செலுத்துவோருக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவும் கிடையாது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

நான்காவது, வலையமைப்புக் கட்டணம். கூரைச் சோலாருக்கு வாரியம் விதிக்கும் இந்தக் கட்டணத்தைச் சிறு தொழில் அமைப்புகள் தொடர்ந்து எதிர்த்து வருகின்றன. 2023 செப்டம்பர் 25 அன்று நடந்த மாநிலம் தழுவிய தொழிற்கூட அடைப்பின்போது இதுவும் பேசப்பட்டது. உங்கள் இணைப்புக்கு, உங்கள் கிலோவாட்டுக்கு இன்றைய கட்டணம் என்ன என்பதைப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, மேலே சொன்ன கணக்கில் கழித்துப் பாருங்கள்.

ஐந்தாவது, கூரை. தகடு 25 ஆண்டுக்கு உழைக்கும் என்று உத்தரவாதம் தருகிறார்கள். மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டரைப் பத்தாண்டு அளவில் மாற்ற வேண்டி வரலாம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பொருத்தக் கூடாது. வெப்பம் அதிகமானால் மின்சாரம் கூடும் என்பதும் தவறு. தகடு சூடேறினால் உற்பத்தி சற்றுக் குறையும். எனவே தளத்துக்கும் தகட்டுக்கும் இடையே காற்றோட்டம் வேண்டும். தூசியையும் அவ்வப்போது கழுவிவிட வேண்டும்.

தகட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியது

நமது வியாபாரம் சூடு பிடிப்பது மாலை ஆறு முதல் ஒன்பது வரை. அந்த நேரத்தில் சூரியன் இல்லை. மாநிலம் முழுவதும் விளக்கு எரியும் அந்த மூன்று மணி நேரத்துக்கு வட சென்னையிலும் மேட்டூரிலும் நெய்வேலியிலும் கரி எரிகிறது. நாட்டின் மின்தொடரில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. நகரங்களின் காற்றைக் காப்பதற்கும் நமது பில்லைக் குறைப்பதற்கும் வழி ஒன்றே, அது வீண் செலவை நிறுத்துவதாகும்.

சோக்குடன் 50 வாட் இழுக்கும் பழைய குழல்விளக்குக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. போதும். பிரீசரின் கதவு ரப்பர் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். உள்ளே பனி தடித்தால் கரைத்துவிடுங்கள். சுவரோடு ஒட்டி வைக்காமல் பின்புறம் இடம் விடுங்கள். வெயில் நேரே படும் கடை வாசலிலிருந்து உள்ளே தள்ளுங்கள். புதிதாக வாங்கும்போது நட்சத்திரக் குறியீட்டைப் பாருங்கள். காசு அதிகம் செலவாகாத இந்த வேலைகளை முதலில் முடித்தால், வாங்க வேண்டிய தகட்டின் அளவும் குறையும்.

வாடகைக் கடைக்காரர் என்ன செய்வது?

நம்மில் பெரும்பாலோர் வாடகைக் கடைக்காரர்கள். கடை நம்முடையது, கூரை கட்டட உரிமையாளருடையது. அவருக்குச் சோலாரால் லாபம் இல்லை, நமக்குக் கூரை இல்லை. பஜாரில் சூரிய மின்சாரம் பரவாமல் இருப்பதற்கு இதுவே பெரிய தடை என்பது நமது கருத்து.

இதற்கும் வழி இருக்கிறது. பலர் கூடி ஓரிடத்தில் தகடு அமைத்து, அவரவர் பங்கு யூனிட்டை அவரவர் பில்லில் கழித்துக்கொள்ளும் முறைக்கு டெல்லியில் 2019லேயே விதி வகுக்கப்பட்டது. கோவை ஆலைக்காரர் எங்கோ சுழலும் காற்றாலையின் யூனிட்டைத் தமது பில்லில் கழித்ததும் ஏறக்குறைய இதே தத்துவம்தான். பெரிய ஆலைக்குக் கிடைத்த அந்த வசதி, கூரை இல்லாத சிறு கடைக்கும் சிக்கலில்லாமல் கிடைக்க வேண்டும். இதை மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் வணிகர் சங்கங்கள் எழுத்து மூலம் வலியுறுத்த வேண்டும். 2021 ஜூலை முதல் சில்லறை, மொத்த வணிகர்களும் உத்யம் பதிவு செய்து முன்னுரிமைக் கடன் பிரிவில் வர வழி ஏற்பட்டிருக்கிறது. சங்கங்கள் கேட்டுப் பெற்ற உரிமை அது. இதையும் கேட்டால் பெறலாம்.

அதுவரை கட்டட உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, தகடு பொருத்த அனுமதியும், கடையைக் காலி செய்தால் கழற்றிச் செல்லும் உரிமையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். குறைந்தது ஐந்தாண்டு ஒப்பந்தம் இல்லாமல் முதல் போட வேண்டாம்.

இந்த வாரமே மீட்டரைக் குறிக்கத் தொடங்குங்கள். அந்தத் துண்டுச் சீட்டோடு சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். பத்துக் கடையின் கணக்கு ஒன்று சேர்ந்தால், தகட்டு வியாபாரியிடம் விலை பேசுவதற்கும் வாரியத்திடம் நியாயம் கேட்பதற்கும் நமக்கு அதுவே ஆதாரமாகும்.