தாளுக்கு வலுவூட்டும் தாள்

தொட்டால் நொறுங்கும் பழைய தாளின் பலவீனம் பெரும்பாலும் அது தயாரிக்கப்பட்ட விதத்திலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பியத் தாள் பருத்தி, லினன் கந்தல்களிலிருந்து வந்தது. பிறகு மரக்கூழ் வந்தது. மை ஊறிப் பரவாமலிருக்க அதில் படிகாரமும் ரோசினும் சேர்த்தார்கள். படிகாரத்திலிருந்து உண்டாகும் அமிலம் செல்லுலோஸின் நீண்ட சங்கிலிகளைத் துண்டாடிவிடுகிறது. 1600களின் புத்தகம் வளைந்துகொடுக்க, 1900இன் செய்தித்தாள் மடித்த இடத்தில் முறிவது இதனால்தான்.

கால்சியம் ஹைட்ராக்சைடு போன்ற காரக் கரைசலில் நனைத்தால் அமிலம் முறியும். சிறிது காரம் தாளிலேயே தங்கிப் பின்னாலும் காக்கும். ஆனால் அறுந்த சங்கிலி அறுந்ததுதான். வலுவை வெளியிலிருந்துதான் தர வேண்டும்.

அதற்கு ஒரு காலத்தில் பிளாஸ்டிக்கை நம்பினார்கள். 1930களில் அமெரிக்காவின் வில்லியம் பாரோ, ஆவணத்தின் இருபுறமும் செல்லுலோஸ் அசிடேட் படலம் வைத்து வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒட்டினார். டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் இயந்திரமின்றி, அசிட்டோனைத் தடவியே அதே படலத்தை ஒட்டும் முறையை உருவாக்கியது. மலிவு, எளிது, ஆயிரக்கணக்கான ஆவணங்கள் இப்படி மூடப்பட்டன. நாளடைவில் படலமே சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்கத் தொடங்கியது. அதைக் கழற்ற மறுபடியும் அசிட்டோன் குளியல்!

இந்த அனுபவத்துக்குப் பின் இரண்டு நிபந்தனைகள் உறுதிப்பட்டன: ஒட்டியதைத் தாளுக்குச் சேதமின்றி எடுக்க முடிய வேண்டும், ஒட்டு, தாளைவிட வலுவாக இருக்கக் கூடாது. வலுவான ஒட்டின் ஓரத்தில்தான் புதுக் கிழிசல் விழும். இரண்டுக்கும் பொருந்துவது ஜப்பானின் கோசோ மரப்பட்டை நாரில் செய்த டிஷ்யூ. மிக மெல்லிய வகை சதுர மீட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவு. சாதாரண நகல் தாள் 70 முதல் 80 கிராம். நார் நீளமாக இருப்பதால் இவ்வளவு மெல்லியதாக இருந்தும் இழுவை தாங்கும். அடியிலுள்ள எழுத்தும் தெரியும். கோதுமை மாச்சத்துப் பசையால் ஒட்டினால், ஈரப்படுத்தி உரித்துவிடலாம்.

பூச்சி அரித்த ஓட்டைகளுக்கு வேறு வழி உண்டு. தாளை வலைமேல் கிடத்தி, நார்க்கூழ் கலந்த நீரை ஊற்றிக் கீழிருந்து உறிஞ்சினால், நீர் ஓட்டைகள் வழியே பாய்ந்து நாரை அங்கேயே விட்டுச் செல்லும். ஓட்டையைத் தேடி அடைக்கும் வேலையை நீரே செய்துவிடுகிறது.

இரும்பும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் கலந்த மையால் எழுதியவற்றுக்கு மட்டும் இந்த நீர் முறைகள் ஆபத்து. ஈரம் பட்டால் மையிலுள்ள இரும்பு அயனிகள் நகர்ந்து, எழுதாத இடத்தையும் அரிக்கும். அதனால் முன்கூட்டியே ஜெலட்டின் பூசி உலர்த்திய டிஷ்யூவை, பசை இளகும் அளவுக்கு மட்டும் ஈரமாக்கி ஒட்டுகிறார்கள்.