கிடாரியின் கண்ணையும் பார்த்து வாங்குவோம்

பொள்ளாச்சிச் சந்தையிலும் வாணியங்குளம் சந்தையிலும் கறவை மாடு வாங்குவோர் பல்லைப் பார்ப்பர், சுழியைப் பார்ப்பர், பிறகு மடியைப் பார்ப்பர். கண்ணை நின்று பார்ப்பவர் குறைவு. கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதியிலும், மலைமேல் மறையூர், காந்தளூர்ப் பகுதியிலும் மாட்டுக்கடன் நாடி வருவோருக்கு ஒன்றிரண்டு மாடுகளே முதல். ஆதலால், பரம்பரையாக வரும் கண் குறைபாடுகளைப் பற்றி இங்குச் சிறிது விரிவாகவே எழுதுகிறோம்.

1963இல் மூணாறை அடுத்த மாட்டுப்பட்டியில் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கியது. பிரவுன் சுவிஸ் காளைகளை நம் நாட்டு மாடுகளோடு கலந்ததில் உருவானதே சுனந்தினி. பின்னர் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பும் சேர்ந்தது. 1976இல் அமைந்த கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியம், மாட்டுப்பட்டியிலும் பாலக்காட்டை அடுத்த தோணியிலும் பொலிகாளைகளைப் பேணி வருகிறது. பாலைப் பெருக்கிய இந்த அயல் இனங்களுக்கு உரிய சில குறைகளையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் பிரவுன், ஹோல்ஸ்டீன் இனங்களில் ஒருவகை மாறுகண் அறியப்பட்டுள்ளது. இரு விழிகளும் மூக்குப் பக்கம் திரும்பி, முன்னே பிதுங்கி நிற்கும். வெளிப்புறத்தில் வெண்விழி மிகுதியாகத் தெரியும். இளங்கன்றில் இது தெரியாது. வளர்ந்த பின்னரே, சில மாடுகளில் தலையீற்றுக்குப் பிறகே தலைகாட்டும். முற்றினால் பார்வை குன்றும். தீர்க்கும் மருந்தில்லை. குறை தெரிவதற்குள் பசு கன்று ஈன்றிருக்கும். கடன் தவணையும் தொடங்கியிருக்கும். தொழுவத்தில் கட்டித் தீனி போடுபவர் இதை ஒருவாறு சமாளிக்கலாம். மலைச்சரிவில் மேயவிடும் காந்தளூர்க்காரருக்கோ மாடே போய்விடக்கூடும்.

பிறவிக் கண்புரை வேறு வகை. ஜெர்சி முதலிய இனங்களில் இது ஒடுங்கு மரபணுவால் வருவது பதிவாகியுள்ளது. தாயும் காளையும் நல்ல கண்ணோடுதான் இருக்கும். இரண்டும் குறையை மறைவாகச் சுமந்தால், பிறக்கும் கன்று ஒவ்வொன்றுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரு காளைக்குப் பிறந்த கிடாரிக்கே அக்காளையின் சினை ஊசியைப் போட்டால் இத்தகைய குறைகள் வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது. காதிலுள்ள 12 இலக்க வில்லை காப்பீட்டுக்கு மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். கருவூட்டல் விவரமும் அந்த எண்ணின்கீழ்தான் பதிவாகிறது. ஊசி போடும் நாளில் காளையின் எண்ணைக் கேட்டு, பாஸ்புக்கின் பின்னட்டையிலாவது குறித்து வையுங்கள்.

குருட்டுக் கன்றெல்லாம் பரம்பரைக் குறையன்று. கோடையில் பசுந்தீவனமின்றி வைக்கோலையே தின்ற சினைப்பசுவுக்கு வைட்டமின் ஏ குறைந்தால், கன்று பார்வையின்றிப் பிறக்கலாம். சினைக்காலத்தில் தாக்கும் சில நச்சுயிரிகளும் கன்றின் கண்ணைக் கெடுக்கும். கண்ணில் பூ விழுவதோ பெரும்பாலும் தொற்றாலும் காயத்தாலும். ஆகவே காளையைப் பழிக்குமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அக்கன்றை மறைத்துத் தரகரிடம் தள்ளிவிடுவது தவறு. பொலிகாளைகளுக்குச் சில மரபுக் குறைகளுக்கான சோதனைகள் உண்டு. கண் குறைகள் அனைத்தும் அவற்றில் அடங்கா. ஒரே காளையின் கன்றுகள் பல வீடுகளில் குறையோடு பிறப்பது மருத்துவரின் காதுக்கு எட்டினால்தான் அக்காளையை நிறுத்த வழி பிறக்கும்.

வாங்கும்போது கிடாரியின் முன்னே நின்று இரு விழிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தாய்ப்பசு அதே தொழுவத்தில் இருந்தால் அதன் கண்ணையும் பாருங்கள். அந்தி மங்கலில் வழியில் ஒரு வைக்கோல் கட்டைப் போட்டு, அதைத் தாண்டி நடத்திப் பாருங்கள். தரகர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும். காப்பீட்டுச் சான்றுக்கு மருத்துவர் வரும்போது கண் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள்.