மடித்து வைத்த கிளாரினெட்

1830களில் வட இத்தாலியில் கத்தரீனோ கத்தரீனி என்பவர் தாழ்சுருதி கிளாரினெட் ஒன்றைச் செய்தார். அதன் பெயர் கிளிச்சிபாரிஃபோனோ. இனிமை, கனம், குரல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொற்களைக் கோத்து வைத்த பெயர். முதல் பார்வையில் அதைக் கிளாரினெட் என்றே சொல்ல மாட்டோம். நின்ற வாக்கில் பருத்த மரக்கட்டை, நாகஸ்வரத்தின் அணசு போல விரிந்து மேலே பார்க்கும் வாய், உடம்பெங்கும் சாவிகள்.

ஏன் இப்படி ஒரு உருவம்? கை எட்ட வேண்டும், அதுதான் காரணம்.

குழல் நீள நீளச் சுருதி இறங்கும். செல்லோவின் அடித்தந்தி எழுப்பும் 65 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தை, இருபுறமும் திறந்த குழலில் கேட்க வேண்டுமானால் சுமார் 2.6 மீட்டர் நீளம் தேவை. கிளாரினெட்டில் அதில் பாதி, 1.3 மீட்டர் போதும். ரீட் (ஊதும்போது அதிரும் நாணல் பட்டை) இருக்கும் முனை காற்றுக்கு அடைபட்டது போல நடந்துகொள்வதும், துளை பெரும்பாலும் ஒரே அகலமாக ஓடுவதும்தான் இந்தச் சலுகைக்குக் காரணம். ஆனாலும் 1.3 மீட்டர் என்பது சாதாரண கிளாரினெட்டின் நீளத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அத்தனை நீளத்துக்கும் துளைகளைப் பரப்பினால் எந்தக் கை எட்டும்?

பசூன் என்ற தாழ்சுருதி மரக்குழல் கருவியைச் செய்பவர்களுக்கு விடை முன்பே தெரியும்: குழலை மடித்துவிடு. டிரெஸ்டனில் ஹைன்ரிக் கிரென்சர் 1793இலேயே பசூன் வடிவில் ஒரு தாழ்சுருதி கிளாரினெட் செய்திருந்தார். கத்தரீனியும் அதே வழியில் போனார். ஒரே கட்டைக்குள் பக்கம் பக்கமாக இரண்டு துளைகள். காற்று ஒன்றில் இறங்கி, அடியில் திரும்பி, மற்றதில் ஏறி வெளியே வரும். இந்த வேலையில் கை தவறவே கூடாது. துளைக்கருவி சற்றே சாய்ந்தாலும் நடுச்சுவர் மெலிந்துவிடும். கசிந்தால் ஸ்வரமே எழாது. போதாததற்கு, வாசிப்பவரின் மூச்சு ஈரமெல்லாம் வளைவில் போய்த் தேங்கும்.

இத்தனை பாடுபட்ட கருவிக்கு உரிய மேடையும் கிடைத்தது. 1834இல் வெனிஸின் லா ஃபெனிச்சே அரங்கில் இசையமைப்பாளர் மெர்கதாந்தேயின் ‘எம்மா தி அந்தியோக்கியா’ ஓபரா அரங்கேறியது. அதில் இந்தக் கருவிக்கென்றே ஒரு தனி வாசிப்பு எழுதப்பட்டிருந்தது. தாழ்சுருதி கிளாரினெட் என்றதும் எல்லோரும் மெயர்பீரின் ‘லே ஊகெனோ’ ஓபராவைத்தான் சொல்வார்கள். பாரிஸில் அது மேடையேறியது 1836இல். இரண்டு ஆண்டு முந்திய வெனிஸுக்குச் சேர வேண்டிய பெருமையை நாம் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

1838இல் கருவி செய்பவரான அடோல்ஃப் சாக்ஸ் நேர்குழலாக ஒரு தாழ்சுருதி கிளாரினெட்டைச் செய்து காப்புரிமை பெற்றார். துளைகளைப் பெரிதாக, சுருதி கேட்கும் இடத்திலேயே போட்டு, மூடிகளால் அடைத்து, நீண்ட நெம்புகோல்களால் அவற்றை விரலுக்கு இழுத்துக்கொண்டார். விரல் எட்டாத துளையைச் சாவி எட்டிய பிறகு, குழலை மடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கிளிச்சிபாரிஃபோனோக்களில் இன்று மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன.