மேடைச் சந்திரமதிக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை

காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் வசந்தகான சபா, அரிச்சந்திரன் கதையான ‘மயான காண்டம்’ ஆடிய காலத்தில், யாழ்ப்பாணத்து இசை நாடக மேடைகளில் பெண் பாத்திரமேற்று ஒப்பாரி பாடியவர்கள் பெரும்பாலும் ஆண்களே. கோயில் வீதியில் விடியவிடியக் குந்தியிருந்து பார்த்த சனம் அதை ஒரு குறையாக எண்ணவில்லை. அரிச்சந்திரனின் மனைவி சந்திரமதியாக ஆடிய அவர்களில் யாருக்காவது கிட்டப்பார்வை இருந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மேடை ஏறியிருப்பார். புராணத்து அரசிக்கு மூக்குக்கண்ணாடி ஏது? பார்ப்பவர்களும் எட்டத்தில்தான் இருந்தார்கள். மேடைக்கு வெளியே, தன் விருப்பத்துக்காகச் சேலை கட்டுகிற ஆணுக்கு இந்த வசதி இல்லை. அவருக்குப் படியும் தெரியவேண்டும், எதிரே இருப்பவரின் முகமும் தெரியவேண்டும். சேலையும் பொய்முடியும் முகத்தைச் சுற்றி நிற்பவை. கண்ணாடியோ முகத்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே அலங்காரத்தில் முதலில் யோசிக்கவேண்டியது அதைத்தான் என்பேன். அதைத் தேர்வதற்குக் கடையில் ‘லேடீஸ்’ என்று ஒதுக்கியிருக்கும் தட்டு நல்ல வழிகாட்டியல்ல, மில்லிமீற்றர்தான் வழிகாட்டி.

அந்தத் தட்டு எதை வைத்துப் பிரிக்கப்படுகிறது? 1988இல் அமெரிக்கப் படையினரை அளந்த கணக்கெடுப்பில், இரு கண்மணிகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஆண்களுக்குச் சராசரியாக 64.7 மில்லிமீற்றர், பெண்களுக்கு 62.3. வித்தியாசம் இரண்டரை மில்லிமீற்றர்கூட இல்லை. ஓர் ஆணுக்கும் இன்னோர் ஆணுக்கும் இடையிலேயே அதைவிடப் பெரிய வேறுபாடு சாதாரணம். அமெரிக்கச் சிப்பாயின் அளவு சுன்னாகத்து முகத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். பொருந்தவேண்டியதில்லை, எந்த ஊரிலும் சராசரியை நம்பி வாங்காமல் சொந்த முகத்தை அளந்து வாங்கவேண்டும் என்பதே இதிலிருந்து எடுக்கவேண்டியது. பிரேமின் காலில் 52, 18, 140 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும்: வில்லையின் அகலம், மூக்குப் பாலம், காலின் நீளம். முதலிரண்டையும் கூட்டினால் 70. கண்மணித் தூரம் 64 என்றால் ஒவ்வொரு வில்லையின் மையத்தையும் 3 மில்லிமீற்றர் உட்பக்கம் நகர்த்தித்தான் வெட்டவேண்டும். யாரிடமும் முகத்தைக் காட்டக் கூச்சப்பட்டு, இந்த அளவைக் கொடுக்காமல் இணையத்தில் வரவழைத்து, கடைக்காரர் பிரேமின் நடுவையே மையமாக வைத்துவிட்டால், மைனஸ் 4 வில்லையில் ஒவ்வொரு கண்ணுக்கும் 1.2 அரிய (பிரிசம்) டயொப்டர் பிழை சேரும். தலையிடிக்கு அது போதும். சிறிய ‘லேடீஸ்’ பிரேமை அகன்ற முகத்தில் திணித்தால் கால்கள் வெளிப்பக்கம் விரிந்து பொட்டில் அழுத்தும். மறைக்க நினைத்த அகலத்தை அதுவே எடுத்துக் காட்டிவிடும்.

அகலத்தைவிடப் பெரிய வேறுபாடு புருவத்தில் இருக்கிறது. ஆண்கள் பலருக்குப் புருவ எலும்பு சற்றே முன்தள்ளி நிற்கும். விமானிக் கண்ணாடி போல மேலே இரட்டைக் கம்பி ஓடும் பிரேம் அந்தக் கோட்டை இன்னொரு முறை கீறிக் காட்டுகிறது. மேல்விளிம்பு புருவத்தோடு ஒட்டி ஓடி, வெளி மூலையில் மெல்ல உயர்ந்தால் பார்வை எலும்பை விட்டு ஓரத்துக்குப் போகும். ‘பூனைக்கண்’ பிரேமின் சூட்சுமம் இதுவே. அல்டினா ஷினாசி 1930களின் இறுதியில் நியூயோர்க்கில் அதை வடிவமைத்தபோது வெனிஸ் திருவிழா முகமூடிதான் அவர் மனதில் இருந்தது. வேடத்திலிருந்து பிறந்த கண்ணாடி! ஆனால் கூரிய மூலை எல்லா முகத்துக்கும் ஒத்துவராது. கொஞ்சம் தூக்கிய கபில நிறப் பிரேமே பலருக்குப் போதும். நீண்ட மூக்கென்றால் பாலம் தாழ்வாக அமைந்தது நல்லது. கிட்டப்பார்வை வில்லை கண்ணைச் சிறிதாக்கிக் காட்டும் என்பதால் மையைச் சற்றுத் தாராளமாகத் தீட்டலாம். தூரப்பார்வைக்காரருக்கு வில்லையே கண்ணைப் பெருப்பித்துக் காட்டும், அங்கே கை அடக்கம் வேண்டும். ஒளி தெறிக்காத பூச்சு இல்லாவிட்டால் இந்த வேலைப்பாடெல்லாம் வெளிச்சத்தில் மறைந்துபோகும்.

இவ்வளவு எதற்கு, கண்ணின்மேல் ஒட்டிவைக்கும் தொடுவில்லையைப் போட்டால் தீர்ந்தது என்பார்கள். எப்போதாவது ஒரு மாலைக்கு மட்டும் அதைப் போடுபவருக்குப் பழக்கமும் சுத்தமும் கைவராது. குடாநாட்டில் கை கழுவுவது பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீரில். வில்லையில் அந்த நீர் பட்டால் அகந்தமீபா போன்ற கிருமி கருவிழியைப் பதம் பார்க்கும் அபாயம் உண்டு. இன்னொரு ஆட்சேபம் கனமானது: பெண் முகம் என்றால் மென்மையாகத்தான் இருக்கவேண்டும் என்று யார் விதித்தது? தடித்த கறுப்புச் சதுரக் கண்ணாடி போட்ட ஆசிரியைகள் எத்தனை பேர்! உண்மைதான். அப்படிப்பட்ட கண்ணாடியே பிடித்திருந்தால் அதையே போடட்டும். நான் சொல்வது முகமும் உடையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டக்கூடாது என்பதை மட்டுமே.

பயம் என்ற தடையைத் தட்டிக்கழிக்க முடியாது. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், ஆள்மாறாட்டம் பற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவும் இலங்கையில் பால்மாறிய தோற்றமுடையோர்மீது பிரயோகிக்கப்பட்டிருக்கின்றன. 2016இல் வந்த பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் உதவும். பதிவில் ஆணாகவே இருந்துகொண்டு சேலை மட்டும் விரும்புபவருக்கு அதில் ஒன்றுமில்லை. அலுமாரியில் ஒளித்துவைத்த இரண்டாவது கண்ணாடி வீட்டில் கேள்வியைக் கிளப்பும், செலவும் இரட்டிப்பு. அந்தக் கபில நிறப் பிரேமுக்கு இங்கேதான் இன்னொரு பயன்: கந்தோருக்கும் அதையே போட்டுப் போகலாம், எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நாற்பது தாண்டி வாசிப்புக்கும் சேர்த்துப் படிமுறை வில்லை போடுபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒடுங்கிய பூனைக்கண் பிரேம்களில் கண்மணிக்குக் கீழே இடம் போதாது. கிட்டத்தட்ட 18 மில்லிமீற்றர் இருக்கிறதா என்று பிரேமை மூக்கில் வைத்தபடியே அளக்கச் சொல்லிவிட்டுக் காசைக் கொடுக்கலாம்.